தாயகத்து மலைக்கும் காட்டுக்கும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சிவனொளிபாதமலை ஏறவும், செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை செல்லவும், தமிழ்நாட்டில் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைக் கடக்கவும் எண்ணும் புலம்பெயர் தமிழர்கள் பலர், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் ஒன்றைத் தேடத் தொடங்குகிறார்கள். கடைகள் தரும் ஒப்பீட்டு அட்டவணைகள் ஆல்ப்ஸ் மலையையும் மாரத்தான் ஓட்டத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமது பயணத்தில் வேறு சில கேள்விகள் முந்திக்கொள்கின்றன. அவற்றில் முதலாவது சட்டத்தைப் பற்றியது.

சாதாரண ஜி.பி.எஸ். கடிகாரம் செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞையைப் பெறுவதோடு சரி. அவற்றுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் அறிமுகமான கார்மின் ஃபீனிக்ஸ் 8 புரோ, ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 3 ஆகியவை செய்மதி வழியாகச் செய்தி அனுப்பவும் வல்லவை. செய்மதித் தொடர்புக் கருவியை உரிமம் இன்றி வைத்திருப்பதை இந்திய அதிகாரிகள் 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தையும் 1933 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் காட்டிக் குற்றமாகக் கொண்டு வந்துள்ளனர். மலையேறுவோர் அவசரத் தேவைக்காக வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் என்னும் செய்மதித் தொடர்புக் கருவியுடன் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர், 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ சென்னைக்கு வந்து, அங்கிருந்து பலாலிக்கு விமானம் ஏறுபவர்களும் இதை மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக்குத்தான் போகிறோம் என்ற விளக்கம் சென்னைச் சோதனையில் எடுபடும் என்று நம்பியிருப்பது சரியல்ல. இத்தகைய கடிகாரத்தை, செய்மதிச் சேவைக்குச் சந்தா கட்டியிராவிட்டாலும், வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

அடுத்தது துல்லியம். மலைச்சரிவிலும் அடர்ந்த மரங்களின் கீழும் சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்துச் சற்றுப் பிந்தி வந்து சேர்வதால், நாம் பாதையில் நிற்கக் கடிகாரம் நம்மைப் பக்கத்துப் பள்ளத்தில் நிறுத்திக் காட்டும். எல்1, எல்5 என்னும் இரண்டு அதிர்வெண்களையும் பெறும் கடிகாரங்கள் இந்தப் பிழையைப் பெருமளவு குறைக்கின்றன. நமது பகுதியில் இவற்றைத் தேர்வதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. பூமியின் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ஏவப்பட்டதும் அந்த இட அமைவினால்தான். இந்தக் கோட்டை அண்டிய அயனமண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கு), குறிப்பாகச் சூரியன் மறைந்த பின், கலங்கி ஜி.பி.எஸ். சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. அத்தாமதம் இரண்டு அதிர்வெண்களிலும் வெவ்வேறு அளவில் இருப்பதால், ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுத் திருத்த வழி பிறக்கிறது. இந்தியாவின் நாவிக் செய்மதிகளையும் பெறும் என்ற விளம்பரத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, ஜி.பி.எஸ்., கலிலியோ, குளோனாஸ், பெய்டோ ஆகிய நான்கு செய்மதித் தொகுதிகளுமே போதும்.

இந்தத் துல்லியத்துக்கான விலையை மின்கலம் கொடுக்கிறது. கோரோஸ் பேஸ் 3 என்னும் கடிகாரம் சாதாரண ஜி.பி.எஸ். நிலையில் 38 மணிநேரம் இயங்கும் என்றும், இரட்டை அதிர்வெண்ணில் 15 மணிநேரம் இயங்கும் என்றும் அதைத் தயாரிப்பவர்களே கூறுகிறார்கள். சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து பின்னிரவில் புறப்பட்டு, உச்சியில் சூரியோதயம் பார்த்துவிட்டுக் காலையில் இறங்குபவருக்கு அந்த 15 மணிநேரம் தாராளம். (டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில் அங்கே வழிதவற நினைத்தாலும் முடியாது, மின்விளக்கும் தேநீர்க்கடையும் சனக்கூட்டமும் நம்மை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விளக்குகள் அணைந்து கடைகள் மூடிய மாதங்களில்தான் கடிகாரத்துக்கு வேலை.) கதிர்காமப் பாதயாத்திரையின் கதை வேறு. உகந்தை முருகன் கோவிலைத் தாண்டினால் குமண, யால காடுகளின் ஊடாகப் பல நாள் நடை. மின்சாரத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. அந்த வழியில் இரட்டை அதிர்வெண்ணை அணைத்துவிட்டு, கைப்பையில் விமானத்தில் கொண்டுவந்த சிறிய பவர் பாங்கையும், அந்தக் கடிகாரத்துக்கே உரிய மின்னேற்று வடம் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். வடம் ஒன்று தொலைந்தால் அதைப் பொத்துவில் கடையில் வாங்க முடியும் என்று நம்பிப் போகாதீர்கள்.

உயரத்தை அமுக்கமானி கொண்டு அளக்கும் கடிகாரம், மலையேறுவோருக்கு ஜி.பி.எஸ். உயரத்தை மட்டும் காட்டுவதைவிட நம்பகமானது. ஆனால் அதை அடிக்கடி திருத்த வேண்டும். வெப்பமண்டலத்தில், வானிலை மாறாவிட்டாலும், வளியமுக்கம் முற்பகல் 10 மணியளவில் ஏறி, பிற்பகல் 4 மணியளவில் தாழ்கிறது. ஆகவே நுவரெலியா விடுதி மேசையில் கிடக்கும் கடிகாரம், யாரும் தொடாமலே, மாலைக்குள் 20 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகக் காட்டக்கூடும். திருத்துவதற்கு எளிய வழி புகையிரத நிலையம்: மலைநாட்டு நிலையங்களின் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்தான உயரம் எழுதப்பட்டிருக்கும். ஓட்டன் சமவெளிக்குச் செல்பவர்கள் 6,000 அடிக்கு மேல் உள்ள பட்டிப்பொலவில் இறங்கும்போதே அந்த எண்ணைக் கடிகாரத்தில் பதிந்துகொள்ளலாம். சிவனொளிபாதமலை உச்சியின் உயரம் 2,243 மீட்டர்.

வியர்வையிலும் மழையிலும் தொடுதிரை சொன்னபடி கேட்காது. பொத்தான்கள் உள்ளதையே வாங்குங்கள். சிலிக்கோன் பட்டி நமது வெக்கையில் தோலை அரிக்கும்; நைலோன் பட்டி மேல். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

வரைபடத்துக்காகச் செலவு செய்வதா என்பது எங்கே நடக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பெக்கோ நடைவழி, தேயிலைத் தோட்டங்களுக்குள் கிளை பிரிந்துகொண்டே போவதால், அங்கே முழு வரைபடம் உண்மையாகவே உதவும். மற்றவற்றுக்கு, ஜி.பி.எக்ஸ். கோப்பாக ஏற்றிய பாதைக் கோட்டைப் பின்தொடரும் வசதியே போதும். ஐரோப்பாவில் விற்கும் கடிகாரத்தில் பெரும்பாலும் ஐரோப்பிய வரைபடமே இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட இலங்கை, தென்னிந்திய வரைபடங்களை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இணையத்தில் கிடைத்த கோடு நுழைவு அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறியவர்களைப் பலிகொண்ட தமிழ்நாட்டில், வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது.

விமானம் இறங்கியதும் கடிகாரத்தைக் கைபேசியோடு இணைத்துச் செய்மதித் தகவலைப் புதுப்பியுங்கள். அது முடியாவிட்டால் திறந்த வெளியில் கால் மணிநேரம் வைத்திருங்கள். செய்மதிகளின் முழு அட்டவணையையும் வானிலிருந்து பெற 12.5 நிமிடங்கள் ஆகும்.

நடைப்பதிவுகளை எவரும் காணாதபடி அமைப்பதையும் புறப்படுமுன்பே செய்துவிட வேண்டும். ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலி 2017 இல் வெளியிட்ட வெப்ப வரைபடம் (பயனர்கள் ஓடிய தடங்களை ஒளிரக் காட்டும் வரைபடம்), பல நாடுகளின் இராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய தடங்களை உலகுக்கே காட்டிக்கொடுத்தது 2018 இல் தெரியவந்தது. வடக்கில் முகாம் வேலியை ஒட்டிய வீதிகளில் ஓடும்போது பதிவை நிறுத்திவிடுங்கள். தங்கியிருக்கும் உறவினர் வீட்டைச் சுற்றிச் சில நூறு மீட்டர் வரையான தடத்தை மறைக்கும் வசதியும் இத்தகைய செயலிகளில் உண்டு.