நிகழ்தகவு: எண்ணும்போதே கோட்டை விடுகிறோம்

செந்தூலில் படிவம் 2 பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நிகழ்தகவுச் சூத்திரம் யாருக்கும் சிரமமாக இல்லை. வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளால் வகுத்தால் சரி. அந்த மொத்தத்தை எண்ணும்போதுதான் தவறு நுழைகிறது.

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒன்றிலாவது பூ விழ வாய்ப்பு எவ்வளவு? (நம் மலேசியக் காசில் செம்பருத்தி உள்ள பக்கம் பூ; மறுபக்கத்தைத் தலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இரண்டும் பூ, இரண்டும் தலை, ஒன்று பூ ஒன்று தலை. ஆக மூன்று, விடை 2/3 என்பார்கள். அப்போது ஒரு 20 காசையும் ஒரு 50 காசையும் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். 20 காசில் பூ, 50 காசில் தலை விழுவது ஒன்று. மாறி விழுவது இன்னொன்று. மொத்தம் நான்கு, விடை 3/4. இரண்டுமே 20 காசாக இருந்தாலும் இதேதான். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேரும் 1754-இல் 2/3 என்றே எழுதினார். அவர் போன வழி வேறு. ஆனாலும் சமவாய்ப்பு இல்லாதவற்றைச் சமமாக எண்ணியதுதான் அவர் தவறும். அதனால் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

அடுத்தது பெரியவர்களின் தவறு. நாலு நம்பர் (நான்கு இலக்க லாட்டரி) எடுப்பவர்கள், "போன வாரம் அடித்த நம்பர் இப்போது வராது" என்பார்கள். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் முதல் பரிசு வாய்ப்பு 1/10,000தான். போன வாரம் என்ன வந்தது என்பது குலுக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது. சரி, ஒரே எண்ணை 10,000 முறை எடுத்தால் கட்டாயம் விழுமா? அதுவும் இல்லை. ஒரு தடவையாவது முதல் பரிசு விழ வாய்ப்பு சுமார் 63 விழுக்காடு. வாரத்துக்கு மூன்று குலுக்கல் என்றால் இதற்கே 64 ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

எடுத்ததைத் திரும்ப வைக்காத கணக்குகளிலும் கவனம் வேண்டும். ஐந்து தீபாவளி அங்பாவில் (பணம் வைத்த உறை) இரண்டில் 10 வெள்ளி, மூன்றில் 5 வெள்ளி. பிள்ளை இரண்டை எடுக்கிறது. இரண்டும் 10 வெள்ளியாக இருக்க வாய்ப்பு 2/5 × 2/5 அல்ல. முதல் உறை போனதும் மீதம் நான்கு, அதில் 10 வெள்ளி ஒன்றுதான். ஆகவே 2/5 × 1/4 = 1/10.

அப்புறம் 'அல்லது' வரும் கேள்விகள். பகடையில் இரட்டை எண் அல்லது 3-ஐவிடப் பெரிய எண் விழ வாய்ப்பு 3/6 + 3/6 = 1 என்று எழுதிவிடுவார்கள். 4-உம் 6-உம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டன. 2, 4, 5, 6 மட்டும்தான், விடை 4/6.