விமான விபத்துச் செய்தியும் வீட்டுக் குழந்தையும்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூன் 12 அன்று பிற்பகலில் அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், தரையை விட்டு எழும்பிய ஒரு நிமிடத்துக்குள் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின் மேல் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார்; விடுதியிலும் அதைச் சுற்றிலும் இருந்தவர்கள் சிலரும் இறந்தனர். அன்றிரவு நான், சென்னை விமான நிலையத்தை ஒட்டி விமானங்கள் மொட்டைமாடிக்கு மேலே தாழப் பறக்கும் பொழிச்சலூரில், என் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகளுக்கு ஐந்து வயது. அவளுடைய அப்பா துபாயில் வேலை பார்க்கிறார்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை தரையில் படுத்துக் கிரேயானால் ஏதோ வரைந்துகொண்டிருந்ததால், அவள் பார்க்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். படுக்கப் போகும்போது அவள் கேட்டாள்: “சித்தி, இன்னைக்கு எத்தனை ஃப்ளைட் விழுந்துச்சு?” அந்தச் சில விநாடிக் காட்சியை எத்தனை முறை காட்டினார்களோ, அத்தனை விமானங்கள் அவள் கணக்கில் விழுந்திருந்தன. 2001இல் நியூயார்க் கோபுரங்கள் இடிந்த காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்த சிறு குழந்தைகள் சிலரும், கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டே இருப்பதாக நினைத்தார்கள். ‘குழந்தைக்கு என்ன தெரியும்’ என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. டிவியை அணைத்துவிட்டு, “நீ என்ன பார்த்தே, சொல்லு” என்று கேட்பதே சரியான தொடக்கம். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது எது, தப்பாகப் புரிந்தது எது என்பது தெரிந்த பிறகு, இரண்டு மூன்று வாக்கியங்களில் பதில் சொன்னால் போதும்.

மரணத்தைப் பூசி மெழுகுவது அடுத்த தவறு. எனக்குத் தெரிந்து அதிகக் கெடுதல் செய்வதும் இதுதான். “அவங்க எல்லாரும் சாமிகிட்ட போயிட்டாங்க” என்று என் அம்மா அன்போடுதான் சொன்னார். சாமி வானத்தில் இருக்கிறார், விமானமும் வானத்தில்தான் போகிறது, அப்பா வருவதும் விமானத்தில்தான் என்று குழந்தை தனக்குள் கூட்டிப் பார்த்ததை நாங்கள் மறுநாள்தான் கண்டுபிடித்தோம். ‘தூங்கிட்டாங்க’ என்று சொல்லக் கேட்ட குழந்தை தூங்கவே பயப்படலாம். “செத்துட்டாங்க, செத்துட்டா மூச்சு இருக்காது, வலி இருக்காது, திரும்பி வர மாட்டாங்க” என்ற நேரான சொற்கள் நம் காதுக்குத்தான் கடுமையாக இருக்கின்றன. வீட்டு நம்பிக்கையைச் சொல்ல விரும்புகிறவர்கள் இதற்குப் பிறகு சொல்லலாம்.

பிழைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லும்போதும் நாக்கு சறுக்கும். ‘சாமி காப்பாத்திட்டார்’ என்றால், மற்றவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி உடனே வரும். அவர்கள் ஏதோ தப்புச் செய்தவர்கள் என்று குழந்தை தானாகவே முடிவுகட்டிக்கொள்ளவும் கூடும். அவர் பிழைத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நானும் ஒரு தவறு செய்தேன். “அப்பா வர்ற ஃப்ளைட்டும் விழுமா?” என்று அவள் கேட்டபோது, “விழவே விழாது” என்று சொல்லிவிட்டேன். யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு அது. அவளும் நம்பவில்லை, தலைக்கு மேல் ஒவ்வோர் இரைச்சலுக்கும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். மறுநாள் மாலை மொட்டைமாடிக்குப் போய், இருட்டும்வரை இறங்கிய விமானங்களை இருவரும் எண்ணினோம்: பதினான்கு. விமானம் விழுவது மிகமிக அபூர்வம், அதனால்தான் டிவியில் அதையே பேசுகிறார்கள் என்பதை அந்தப் பதினான்கு விமானங்களைக் காட்டிச் சொல்வது எளிதாக இருந்தது.

சில நாள் அவள் பிளாஸ்டிக் கட்டைகளால் விமானம் செய்து டிபன் பாக்ஸின் மேல் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை ‘அபசகுனம், நிறுத்து’ என்று அதட்டினார். பயந்த குழந்தைகள் பயத்தை விளையாடித்தான் கரைக்கிறார்கள், தடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரே விளையாட்டு மாறாமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, விட்டுப்போன படுக்கை ஈரமாக்கும் பழக்கம் திரும்பினாலோ, குழந்தை அம்மாவை விட்டு அகலவே மறுத்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இலும் ஆலோசனை கேட்கலாம்.

ஒருமுறை விளக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறே. இரண்டு மாதம் கழித்து அப்பா விடுமுறைக்கு வந்த இரவு, அவர் மடியில் உட்கார்ந்து சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டே, “அந்த ஃப்ளைட்ல போனவங்க எல்லாரும் இப்போ வந்துட்டாங்களா?” என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, ஜூன் மாதம் சொன்ன அதே சொற்களை, அதே வரிசையில், நிதானமாக மறுபடியும் சொன்னாள்.