மழைக்கு இறுகிய டிராயர்: என் அனுபவம்

மார்கழிக்குள் முடிக்க மூன்று மரவேலைகளுக்குத் திட்டம் போட்டிருந்தேன். பழைய மேசை டிராயர் ஒன்றே ஐந்து நாளை விழுங்கிவிட்டது.

குமரி மாவட்டத்தில் எங்கள் தக்கலைப் பக்கம் ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. பங்குனியில் அயினிப் பலகையில் செய்தபோது வழுக்கிக்கொண்டு ஓடிய டிராயர், ஐப்பசியில் பாதியிலேயே நின்றது. மெழுகுதிரி தேய்த்தேன், ஒரு நாள் ஓடியது. அப்புறம் மேல்விளிம்பை இழைப்புளியால் சீவினேன். சீவல்தான் குவிந்தது. உள்ளே தாங்கும் சட்டங்களையும் கழற்றி மாட்டினேன், வீண்.

கடைசியில் வெளியே உருவி அளந்தேன். முன்னும் பின்னும் அகலம் சரி. நடுவில் மட்டும் 4 மில்லிமீட்டர் கூடுதல்!

பக்கத்து வீட்டு ஆசாரி மாமா கவிழ்த்துப் பார்த்தார். "அடிப்பலகைய முன்பின்னா போட்டு, பசையும் வச்சிருக்கியே மக்ளே."

மரம் ஈரம் குடித்தால் ரேகைக்கு, அதாவது அதில் ஓடும் நார்க் கோட்டுக்கு, குறுக்கேதான் ஊதும், நீளவாக்கில் அநேகமாக ஊதாது. ரேகை முன்பின்னாக ஓடிய ஒன்றரை அடி அகல அடிப்பலகை இடவலமாக ஊதி, பக்கங்களைத் தள்ளியிருக்கிறது. நான் சீவியதோ மேல்விளிம்பை.

பலகையைப் பெயர்த்து, ரேகை இடவலமாக வரும்படி வேறொன்று வெட்டிப் பசையில்லாமல் பக்கப் பலகைகளின் காடியில் (நீளப் பள்ளத்தில்) செருகினேன். இனி ஊதினாலும் பின்பக்கம் போகட்டும் என்று அங்கே 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் நீளத் துளை போட்டு ஒரே ஒரு திருகாணி. சரியாகிவிட்டது. அடைமழையிலும் ஒரு விரலால் இழுக்க வருகிறது.

திட்டத்தையும் மாற்றிவிட்டேன். அகலப் பலகை வேண்டிய பெட்டி மூடி மாசிக்குப் போனது. மழை நாட்களுக்கு ஸ்டூல் கால்களும் அகப்பைக் காம்புகளும்.