வால்வெள்ளி தூசி கூடுதா குறையுதா, மொரீஷியஸ்ல இருந்து கணக்கு பாக்குறது எப்படி

வால்வெள்ளி சூரியன்கிட்ட போகப் போக பளிச்சுன்னு ஆகும், உடனே தூசி கொட்டுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. 2024ல வந்த சுச்சின்ஷான்-அட்லஸ் சூரியனை ஒட்டிப் போனது செப்டம்பர் 27ல, ஆனா உச்சத்துக்கு மின்னுனது அக்டோபர் 9 வாக்குல, ஏன்னா அப்போ அது நமக்கும் சூரியனுக்கும் நடுவுல கிட்டத்தட்ட நேர்கோட்டுல நின்னுச்சு, ஜன்னல் வெயிலுக்கு எதிர்ல பாத்தா அறையில தூசி ஜொலிக்கும்ல, அதே கதைதான்.

அதனால ஒவ்வொரு ராத்திரியும் மூணு நம்பர் எழுதி வச்சுக்கோங்க: சூரியன்ல இருந்து எவ்ளோ தூரம், நம்மகிட்ட இருந்து எவ்ளோ தூரம், ஃபேஸ் ஆங்கிள் (வால்வெள்ளில இருந்து பாத்தா சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல இருக்குற கோணம்) என்ன. நாசாவோட ஜேபிஎல் ஹொரைசன்ஸ் வெப்சைட்ல ஃப்ரீயா கிடைக்கும்.

விடியக்காலைல தெரியுற வால்வெள்ளின்னா கிழக்குக் கரைல பெல் மார் பக்கம் போங்க, சாயங்காலம்னா மேற்குக் கரைல ஃபிளிக்-ஆன்-ஃபிளாக். க்யூர்பிப்காரங்க மொட்டை மாடிய நம்பாதீங்க, அங்க மேகம் சொல்லாம வந்து உக்காரும்.

200 எம்எம் லென்ஸ், டிஎஸ்எல்ஆர், வானம் சுத்துற வேகத்துக்கு கேமராவ திருப்புற சின்ன ட்ராக்கர் போதும். துருவ நட்சத்திரம் நமக்கு கிடையாது, தென் துருவத்துக்கிட்ட இருக்குற சிக்மா ஆக்டாண்டிஸ் ரொம்ப மங்கல், அதனால காம்பஸ் வச்சு, காந்தத் தெக்குக்கும் நிஜத் தெக்குக்கும் இருக்குற வித்தியாசத்த சரி பண்ணி, ட்ராக்கரோட அச்ச நிஜத் தெக்க 20 டிகிரி உயரத்துக்கு திருப்பிட்டு 10 செகண்ட் ஷாட்டா நிறைய எடுங்க, ரா ஃபைல்தான், ஜேபெக் வேணாம். அப்புறம் வால்வெள்ளி தலைய ஒரே இடத்துல வச்சு எல்லா ஷாட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா ஸ்டாக் பண்ணுங்க.

அளக்குறதுக்கு ரெட் சேனல் மட்டும் எடுங்க. பச்சை வெளிச்சம் பெரும்பாலும் கார்பன் வாயுவோடது, தூசி இல்ல. தலைய சுத்தி போடுற வட்டம் பிக்சல்ல நிலையா இருக்கக் கூடாது, கிலோமீட்டர்ல நிலையா இருக்கணும், பல பேர் கோட்டை விடுறது இங்கதான். 50,000 கிமீ ஆரம்னு வச்சா, 4 மைக்ரான் பிக்சல் சென்சார்ல 15 கோடி கிமீ தூரத்துல 17 பிக்சல் வரும், வால்வெள்ளி பாதி தூரத்துக்கு வந்துட்டா 33. ஒப்பிடுற நட்சத்திரமும் அதே உயரத்துல இருக்கட்டும், அடிவானத்துக்கிட்ட காத்தே பாதி வெளிச்சத்த முழுங்கிடும். கிடைச்ச மேக்னிட்யூட (வெளிச்ச அளவ) வச்சு ஏஎஃப்-ரோ கணக்கு போடுங்க, தூசி எவ்ளோன்னு காட்டுற அளவு அது, 1984ல ஆஹெர்ன் குழு கொண்டுவந்தது, விடை சென்டிமீட்டர்ல வரும், கோணத்துக்கு ஏத்தபடி தூசி எவ்ளோ மின்னும்னு சொல்ற ஷ்லைக்கர்-மார்கஸ் டேபிள் வச்சு ஃபேஸ் ஆங்கிள சரி பண்ணினா அப்புறம் ஒரு ராத்திரிய இன்னொரு ராத்திரியோட ஒப்பிடலாம்.

வாலையும் விடாதீங்க. பொடித் தூசிய சூரிய வெளிச்சமே தள்ளிடும், பெரிய துகள் வால்வெள்ளி போன பாதைலயே தங்கிடும், பூமி அந்தப் பாதையோட தளத்தக் கடக்கும்போது சூரியன் பக்கமா ஒரு எதிர்வால் தெரியும், 2024 அக்டோபர் 14 வாக்குல தெரிஞ்சது அதுதான்.

தலையே போயிட்டா? 2025 ஜனவரி 13ல ஜி3 அட்லஸ்ங்கிற இன்னொரு வால்வெள்ளி சூரியனுக்கு 1.4 கோடி கிமீ வரைக்கும் போச்சு, சில நாள்ல தலை மங்கி வால் மட்டும் மிச்சம். அப்போ வட்டம் போடுறதுல அர்த்தமே இல்ல, வால் நெடுக வெளிச்சம் எப்படி இறங்குதுன்னு கிராஃப் போடுங்க. சூரியனுக்கு ரொம்ப ஒட்டி இருக்குற நாள்ல பைனாகுலர தொடவே தொடாதீங்க, கண்ணு போயிடும், சூரியன மறைச்சு அத சுத்தி படம் எடுக்குற சோஹோ விண்கலத்தோட லாஸ்கோ கேமரா படத்த டவுன்லோட் பண்ணிக்கோங்க.