இலியட்டில் குதிரை இல்லை: காவியப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியம் எப்படி முடிகிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், வீரர்கள் ஒளிந்துவந்த மரக்குதிரை என்பார்கள். மீதிப் பேர் கிரேக்க வீரன் அக்கிலீஸின் குதிகாலில் அம்பு பாய்ந்தது என்பார்கள். இரண்டுமே இலியட்டில் கிடையாது. டிராய் நகரோடு கிரேக்கர்கள் நடத்திய பத்தாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அக்கிலீஸின் கோபத்தில் தொடங்கி டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிகிற காவியம் அது. கடைசி வரியிலும் டிராய் நகரம் விழவில்லை. அக்கிலீஸ் உயிரோடுதான் இருக்கிறான்.

குதிரை வருவது ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில். அதுவும் பழைய கதையாக, பாத்திரங்களின் வாயால். அதை விரிவாகச் சொன்னவர் ரோமானியக் கவிஞர் வெர்ஜில், ஏனீட் காவியத்தின் 2ஆம் பகுதியில். ஆயுதம் துளைக்காதிருக்கத் தாய் தெட்டிஸ் குழந்தை அக்கிலீஸைப் பாதாளத்தின் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதை இன்னும் பிந்தியது. கி.பி. முதல் நூற்றாண்டின் லத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் அதைப் பார்க்கிறோம். ஹோமரின் அக்கிலீஸுக்கோ இலியட் 21ஆம் பகுதியில் ஈட்டி பட்டு முழங்கையில் ரத்தமே வருகிறது. ‘ஆயுதம் துளைக்காத உடம்பு’ என்று எழுதியிருந்தால் அங்கேயே மதிப்பெண் போச்சு. சினிமாவும் சிறுவர் கதைப் புத்தகமும் எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்துவிடுவதால் வரும் குழப்பம் இது. ‘டிராய் கதையில்’ என்பதையும் ‘இலியட்டில்’ என்பதையும் பிரித்து எழுதப் பழகினால் பாதிச் சிக்கல் தீரும்.

ஒடிசியிலும் இப்படித்தான். டிராய்ப் போர் முடிந்து ஊர் திரும்பும் நாயகனைப் பற்றி, ‘ஒடிசியஸ் பத்தாண்டு கடலில் அலைந்தான்’ என்று எழுதுவார்கள். கணக்குப் போட்டால் அதில் ஏழு ஆண்டு கலிப்ஸோ என்ற தேவதையின் தீவில், ஓர் ஆண்டு சர்சி என்ற சூனியக்காரியின் வீட்டில். நாயகன் மேடைக்கு வருவதே 5ஆம் பகுதியில்தான். முதல் நான்கும் மகன் டெலிமாக்கஸின் கதை. ஒற்றைக்கண் அரக்கன், சைரன்கள், பாதாளம் என்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் சாகசங்கள் 9 முதல் 12 வரையிலான பகுதிகளில் வருகின்றன. அவற்றைச் சொல்வது ஹோமர் இல்லை. தனக்கு அடைக்கலம் தந்த ஃபயேஷிய மன்னரின் விருந்தில் உட்கார்ந்து ஒடிசியஸே சொல்கிறான், தன்னைப் பற்றித் தானே. ‘இன் மீடியாஸ் ரெஸ்’, அதாவது கதையை நடுவில் தொடங்குவது, என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது இதைச் சேர்க்காவிட்டால் பதில் அரைகுறைதான். நடுவில் தொடங்கினால் முன்கதையை யாராவது சொல்லியாக வேண்டும். இங்கே சொல்பவன் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் என்பதை மறந்துவிட வேண்டாம்.

தமிழ் படித்துவிட்டு வருபவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. காவியத்தின் முதல் வரியில் கலைத்தெய்வம் மியூஸை அழைப்பதைக் கடவுள் வாழ்த்து என்று எழுதிவிடுவது. வாழ்த்தில் நாம் தெய்வத்தைப் போற்றுகிறோம், காப்பு வேண்டுகிறோம், பிறகு நாமே பாடுகிறோம். ஹோமர் கேட்பது வேறு: “தேவியே, நீ பாடு.” கதையை அறிந்தவள் அவள், கவிஞர் அவளுடைய குரல். வாழ்த்து என்று எழுதினால் இந்த வேறுபாடு முழுக்கக் காணாமல் போகிறது.

உவமையில் இதே வழுக்கல் இன்னும் நுட்பமாக நடக்கும். ஒடிசி 5ஆம் பகுதியின் முடிவில், கரையொதுங்கிய ஒடிசியஸ் சருகுக் குவியலுக்குள் புகுந்து படுக்கிறான். அக்கம்பக்கம் யாருமில்லாத ஒதுக்குப்புறப் பண்ணையில் ஒருவன் கொள்ளிக்கட்டையைச் சாம்பலில் புதைத்து வைப்பதுபோல என்கிறார் ஹோமர். நமக்கு உடனே ‘நீறு பூத்த நெருப்பு’ ஞாபகம் வரும்; அடக்கி வைத்த கோபம் என்று எழுதிவிடுவோம். ஆனால் அடுத்துவரும் சொற்களைப் பாருங்கள்: நெருப்பின் விதையைக் காப்பாற்றுகிறான், இல்லாவிட்டால் வேறெங்கிருந்தும் தீ வாங்க முடியாது. பேச்சு கோபத்தைப் பற்றியதே இல்லை. அணைந்துவிடக்கூடிய ஓர் உயிரைப் பற்றியது. உவமையை விளக்கும்போது ‘எது எதுபோல’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதைவிட, உவமைக்குள் இருக்கும் அந்தப் பண்ணை, அந்தத் தனிமை இரண்டையும் தொட்டுக் காட்டுங்கள். காவிய உவமை நீள்வதே அதற்காகத்தான். அப்புறம், ‘போல’ வந்ததெல்லாம் உவமை ஆகாது. ‘தந்தையைப் போலவே மகனும் கப்பலேறினான்’ என்பது வெறும் ஒப்பீடு.

அடைமொழிக்கு வருவோம். ‘விரைந்த காலுடைய அக்கிலீஸ்’ கூடாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரைந்த காலுடையவன்தான். இதைக் கவிஞரின் கவனக்குறைவு என்பதும் தவறு, ஒவ்வோரிடத்திலும் ஒரு ரகசியப் பொருள் தேடுவதும் தவறு. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930களில் யுகோஸ்லாவியாவுக்குப் போய் வாய்மொழிக் காவியம் பாடுபவர்களைப் பதிவு செய்தார். எழுத்தின் துணையில்லாமல், பாடும்போதே வரியைக் கட்டுபவருக்குச் சீருக்குப் பொருந்தும் ஆயத்தத் தொடர்கள் தேவை. ஹோமரின் அடைமொழிகளும் அந்த மரபில் வந்தவை என்பது அவர் வாதம். இதை இரண்டு வரியில் எழுதினாலே பதில் தனியாகத் தெரியும்.

‘ஹியூப்ரிஸ்’ என்ற கிரேக்கச் சொல் என்றால் கர்வம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். பிறரை இழிவுபடுத்தும் அத்துமீறலும் அதில் அடக்கம். ஒடிசியில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்வது, ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியின் வீட்டில் உட்கார்ந்து தின்று தீர்க்கும் மணம்வேண்டிகள் மீதுதான். ரோமப் பெயர் விஷயம் சின்னது: ஒடிசியஸ், கடல்தெய்வம் பொஸைடன் என்று தொடங்கிவிட்டு அடுத்த பத்தியில் அவர்களையே யுலிசீஸ், நெப்டியூன் என்று ரோமப் பெயருக்குத் தாவக் கூடாது. அவ்வளவுதான்.

இலக்கணத் தவறு கதையையே புரட்டிப் போடும். ‘ஹெக்டர் கொன்ற அக்கிலீஸ்’ என்று எழுதியிருந்தால் செத்தவன் அக்கிலீஸ். ‘ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸ்’ என்பதே சரி. இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ வெளிப்படையாக வருவதால் அடுத்து ‘க்’ மிகும். ‘பெட்ரோக்ளஸைக் கொன்ற ஹெக்டரின் தந்தை’ என்பது இன்னொரு வகை (பெட்ரோக்ளஸ் அக்கிலீஸின் தோழன்). கொன்றவன் மகனா, தந்தையா? பெயரெச்சம் இரண்டு பெயருக்கும் பொருந்தி நிற்கிறது. வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள்: ‘ஹெக்டர் பெட்ரோக்ளஸைக் கொன்றான். அந்த ஹெக்டரின் தந்தை பிரியாம்.’

ஆங்கிலத்தில் பதில் எழுதுபவர்களுக்குக் காலம் உதைக்கும். தமிழில் கதையைப் பெரும்பாலும் இறந்தகாலத்தில் சொல்லும் பழக்கம், அது ஆங்கிலத்துக்கும் தொற்றிவிடுகிறது. ஆங்கில இலக்கியக் கட்டுரையில் காவியத்துக்குள் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவது மரபு. ஆனால் அந்தக் காட்சிக்கும் முன்னால் நடந்தது இறந்தகாலமாகவே நிற்கும். ஒடிசி 17ஆம் பகுதியில் ஆர்கஸ் என்ற கிழட்டு நாய் எஜமானை அடையாளம் கண்டு வாலாட்டுகிறது, உயிரை விடுகிறது: இரண்டும் நிகழ்காலம். எஜமான் அதைக் குட்டியிலிருந்து வளர்த்ததும் டிராய்க்குக் கப்பலேறியதும் இறந்தகாலம்.