ட்ரெய்லர் வீட்டில் ஷாக் அடிக்காமலிருக்க: எர்த் சரிபார்ப்பது எப்படி?

ட்ரெய்லர் நிற்பது ரப்பர் டயர்களில். உள்ளே ஒரு ஒயர் உரசி உலோக உடம்பில் கரண்ட் ஏறினால், அது தரைக்கு இறங்க வழியில்லை. சப்ளை பெட்டிக்குத் திரும்பும் எர்த் ஒயர்தான் ஒரே வழி. அது அறுந்திருந்தால் பிரேக்கர் டிரிப் ஆகாது. ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுபவருக்குத்தான் ஷாக்.

கீழே உள்ள அளவுகள் அமெரிக்க 30 ஆம்ப் இணைப்புக்கு.

படி 1: பிளக் செருகும் முன் சாக்கெட்டை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 120, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 0 வர வேண்டும். எர்த் அளவு வரவில்லையா, அல்லது 240 காட்டுகிறதா? அங்கே செருகவே வேண்டாம். உலோக முனையைத் தொடாமல் அளக்கத் தெரியாதவர்கள் இந்தப் படியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

படி 2: சப்ளை பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகுங்கள், அப்புறம் போடுங்கள்.

படி 3: இதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். தொடாமலே கரண்ட் காட்டும் டெஸ்டரை, கரண்ட் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் முதலில் சோதியுங்கள். பிறகு தரையில் நின்றபடி ட்ரெய்லரின் உலோகப் பகுதி அருகே கொண்டுபோங்கள். மீட்டர் அளவு சரியாக இருந்தும் இங்கே டெஸ்டரின் விளக்கு எரியலாம். யாரோ சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, ஃபேஸை இடம் மாற்றிவிட்டிருந்தால் அப்படித்தான் ஆகும்.

படி 4: டெஸ்டர் விளக்கு எரிந்தால் ட்ரெய்லரைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் இறங்க வேண்டாம். ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலும் இருக்கும் நொடிதான் ஆபத்து. வெளியே இருப்பவர் சப்ளை பெட்டியில் பிரேக்கரை அணைத்துப் பிளக்கை எடுத்த பிறகு அவர்கள் இறங்கட்டும். லேசாகச் சுருக்கென்றாலும் இதேதான்.

எர்த் இல்லையென்றால் தரையில் ஒரு கம்பி அடித்துவிடலாம் என்பார்கள். கணக்குப் போடுங்கள்: கம்பிக்கும் மண்ணுக்கும் 25 ஓம் தடை இருந்தால், 120 வோல்ட்டில் ஓடுவது 4.8 ஆம்ப். 30 ஆம்ப் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ட்ரெய்லரின் உலோக உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும்.

படி 5: ட்ரெய்லரின் உள் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர வேண்டிய இடம் சப்ளையின் தொடக்கம் மட்டுமே. உள்ளேயும் சேர்த்தால் சாதாரண கரண்ட்டே சேஸிஸ் (ட்ரெய்லரின் உலோகச் சட்டகம்) வழியாகத் திரும்ப ஆரம்பிக்கும். இதை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். 4 முதல் 6 மில்லி ஆம்ப் கசிவிலேயே அணையும் பாதுகாப்பு சாக்கெட்டின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள்.