துருவுக்கு முன்னால் தராசு: சரக்குப் பெட்டி மாதிரிகளில் நேரும் தவறுகள்

மாதிரி ரயில் டப்பாவைப் பிரித்து பாக்ஸ்காரை (மூடிய சரக்குப் பெட்டியை) வெளியே எடுத்ததும் கை நேராகப் பெயிண்ட் பிரஷுக்குத்தான் போகும். முதல் தவறே அதுதான். தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடாத பெட்டிக்கு எவ்வளவு அழகாகத் துரு தீட்டினாலும் அது அலமாரிப் பொம்மைதான்.

முதலில் சமையலறைத் தராசில் வையுங்கள். ஹெச்.ஓ. அளவுக்கு (அசலில் 87-இல் ஒரு பங்கு) அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. என்ற மாதிரி ரயில் சங்கம் சொல்லும் கணக்கு எளிது: அடிப்படை 1 அவுன்ஸ், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 40 அடி பாக்ஸ்கார் மாதிரியில் ஐந்தரை அங்குலம் வரும். ஆக 3¾ அவுன்ஸ், சுமார் 106 கிராம். குறைந்தால் எடையைத் தரைப் பலகையோடு ஒட்ட வேண்டும். இடம் இருக்கிறதே என்று கூரைக்கு அடியில் ஒட்டினால் வளைவில் தலை ஆடும்.

கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) உயரத்தைப் பக்கத்துப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அதுவே தாழ்ந்திருந்தால்? கப்ளர் தயாரிக்கும் கேடீ நிறுவனத்தின் உயர அளவுகோலை வைத்துப் பாருங்கள். தாழ்வாக இருந்தால் கப்ளரை வளைக்க வேண்டாம். ட்ரக்குக்கும் (சக்கரங்கள் பொருந்திய அடிச்சட்டம்) பெட்டிக்கும் நடுவில் மெல்லிய வாஷர் போதும். ட்ரக் திருகுகளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முறுக்குவதும் தவறு. ஒரு ட்ரக் திரும்ப மட்டும் செய்யட்டும். மற்றது கொஞ்சம் பக்கவாட்டிலும் அசையட்டும். அப்போதுதான் மேடு பள்ளத்திலும் எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும்.

சரி, இனி அழகு. அச்சோடு வார்த்த கைப்பிடிகளைச் சீவிவிட்டுக் கம்பி பொருத்துவதுதான் பலரும் தொடங்கும் வேலை. அவசரத்தில் முதலில் சீவிவிடுவார்கள், அப்புறம் துளை எங்கே என்று தேடுவார்கள். முதலில் இரு முனையிலும் ஊசியால் புள்ளி குத்துங்கள். பிறகு உளிமுனை பிளேடால் சீவி, 0.35 மி.மீ. துளை போட்டு, 0.3 மி.மீ. கம்பியைச் செருகுங்கள். சூப்பர் க்ளூவை உள்பக்கத்திலிருந்து, அதுவும் குண்டூசி முனையளவு. வெளியே வைத்தால் பெயிண்டில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரிப் படியும்.

இதைவிடப் பெரிய தவறு, ஆண்டைப் பார்க்காதது. அமெரிக்காவில் 1966-லிருந்து புதிய பாக்ஸ்கார்கள் கூரை நடைபலகை இல்லாமல் வந்தன. பழையவற்றிலிருந்து அது கழற்றப்படப் பல ஆண்டுகள் ஆயின. பெட்டியை அடையாளம் காண பக்கவாட்டில் ஒட்டிய கார்ட்ராக் வண்ணப்பட்டைகள் 1967-இல் தொடங்கி 1977-இல் கைவிடப்பட்டன. நான் நீராவி இஞ்சினுக்குப் பின்னால் ஓடும் பெட்டியில் அந்தப் பட்டையை ஒட்டி, மூன்று மாதம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்திலும் இதே கதை. பழைய எண்ணெய்ப் பெட்டி பேரிங் என்றால் சக்கர முகம் கருத்த பிசுக்காக இருக்கும். ரோலர் பேரிங் என்றால்தான் துரு நிறம். எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு அடிப்பது சோம்பேறித்தனம்.

அழுக்கேற்றும்போது டல்கோட் (பளபளப்பில்லாத வார்னிஷ்) அடித்த பரப்பின் மேல் ஆல்கஹால் கலந்த மையைப் பூசினால் வெளுத்துப் போகும். பதறித் தேய்க்காதீர்கள், காய்ந்ததும் இன்னொரு முறை டல்கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழை நாளில் அடித்தாலும் ஈரக்காற்றில் அதே வெண்மை வரும்.

சக்கரத்தைக் கழற்றாமல் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஒன்று: அச்சின் ஊசி முனையில் பெயிண்ட் படிந்தால், தள்ளிவிட்ட பெட்டி ஒரு சாண் தூரம்கூட உருளாது.